இறையிலியும் கணக்கும்

வரி செலுத்தக் கடமைப்படாத ஓர் அமைப்பு, தணிக்கைக்கு உட்படக் கடமைப்பட்டதா என்ற கேள்வி, கணக்காளரும் வழக்கறிஞரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே மேலோட்டமாகத் தோன்றும். அந்த அமைப்பு கோயிலாகவோ தேவாலயமாகவோ பள்ளிவாசலாகவோ இருக்கும்போது அது சமயக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. ஏனெனில் அங்கே பணம் யாருடையது, அதற்குப் பொறுப்பாளி யார், அந்தப் பொறுப்பாளி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. கடவுளுக்குக் கொடுத்ததற்குக் கடவுளிடம் கணக்குச் சொன்னால் போதும் என்பது ஒரு நிலைப்பாடு. அரசு விட்டுக்கொடுத்த வரியும் அந்தப் பணத்தில் கலந்திருப்பதால் அரசுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. கொடுத்த அடியாருக்கே முதற்கணக்கு உரியது என்பது மூன்றாவது. நடைமுறையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்த மூன்றாவதுதான்.

மொன்றியல் தீவுக்கு வடக்கே ஆற்றைக் கடந்ததும் வரும் இயேசு தீவு முழுவதையும் தன் எல்லையாகக் கொண்ட லவால் நகரம், இந்தக் கேள்வியை ஆராய ஏற்ற இடம். 14 நகராட்சிகளை ஒன்றிணைத்து 1965இல் அமைக்கப்பட்ட இந்நகரின் மக்கள்தொகை 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 438,000ஐத் தாண்டியிருந்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் வாடகை வீடுகளில் கனடா வாழ்க்கையைத் தொடங்கிய ஈழத்தமிழர் பலர் பிற்காலத்தில் வீடு வாங்கிக் குடிபெயர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. தீவின் பெயர், 1636இல் அதை மானியமாகப் பெற்ற இயேசு சபையினரால் வந்தது. நகரத்தின் பெயரோ, 1675இல் ஓர்லியான் தீவில் தமக்கிருந்த உரிமையைக் கொடுத்து இத்தீவை மாற்றாகப் பெற்று, 1680இல் கியூபெக் குருமடத்திற்கு எழுதிவைத்த ஆயர் பிரான்சுவா டி லவாலுடையது. இன்று நகராட்சிக்குச் சொத்துவரி செலுத்தும் ஒவ்வொரு வீட்டுமனையும் ஒரு காலத்தில் சமய நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகை செலுத்திய மண்ணில்தான் நிற்கிறது.

அந்த ஆயர் நிலவுடைமையாளர் மட்டுமல்லர்; வரி கேட்டவருமாவார். விளைச்சலில் ஒரு பங்கைத் திருச்சபைக்கு அளக்கும் தசமபாகக் கடமை, 1663இல் அவருடைய முயற்சியால் பதின்மூன்றில் ஒரு பங்கு என்று பிரெஞ்சு மன்னரின் ஆணையாகக் கியூபெக்கிற்கு வந்தபோது, குடியேறிகள் அதை ஏற்க மறுத்தனர். இருபதில் ஒன்றாகக் குறைக்கப்பட்டும் எதிர்ப்பு அடங்காமல், 1667இல் இருபத்தாறில் ஒன்று என்ற அளவில்தான் அது நிலைபெற்றது. கொடுப்பவர் அனைவரும் கத்தோலிக்கர், கேட்டவரோ 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர்; இருந்தும் இவ்வளவு ஏன் வேண்டும், எதற்குச் செலவாகும் என்ற கேள்வியைக் கேட்காமல் அவர்கள் தானியத்தை அளந்து போடவில்லை. பக்தியும் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் இந்த நகரின் பெயரையே ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இன்றைய சட்டத்திற்கு வரும்போது, ‘தணிக்கை’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் அடங்கியிருப்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அமைப்புக்கு வெளியே நிற்கும் தகுதிபெற்ற கணக்காளர் ஒருவர், ஆண்டு வரவுசெலவு அறிக்கை உண்மை நிலையைக் காட்டுகிறதா என்று ஆராய்ந்து கருத்துக் கூறுவது கணக்குத் தணிக்கை. அரசின் வரி அதிகாரி, வரிவிலக்குக்கான நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்று ஏடுகளைத் திறந்து பார்ப்பது வரித் தணிக்கை. முன்னதை அமைப்பு தானே அமர்த்துகிறது. பின்னது அழையாமல் வருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், தணிக்கை என்றதும் பரிபாலன சபைகளில் பாதி அச்சமும் பாதி அவமான உணர்வும் எழுகின்றன.

கனடா வருமானவரிச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள், இலாபநோக்கற்ற சங்கங்கள், நகராட்சிகள் முதலியவற்றை வருமானவரியிலிருந்து விலக்குகிறது. மொன்றியல் தீவின் டொலார்-டே-ஓர்மோவில் திருமுருகன் கோயிலை நடத்தும் கியூபெக் சைவ மிஷன் போன்ற வழிபாட்டு அமைப்புகள் முதல் வகைக்குரியவை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெரும்பாலும் இரண்டாம் வகையில் அடங்கும். மூன்றாம் வகையை நோக்கினால், வரி வசூலிக்கும் லவால் நகராட்சியே வரிவிலக்குப் பெற்ற அமைப்புத்தான். பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றும், நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் டி3010 என்னும் தகவல் அறிக்கையை நிதி அறிக்கைகளோடு கனடா வருவாய் முகமைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் பதிவு இரத்தாகும். அமெரிக்காவில் தேவாலயங்களுக்கு ஆண்டறிக்கை அனுப்பும் கடமையே இல்லை; அவற்றை வரித் திணைக்களம் ஆராய்வதற்கும் 1984ஆம் ஆண்டுச் சட்டம் தனித் தடைகளை வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ‘அடிப்படைச் சமய அமைப்புகள்’ என்று ஒரு வகையைப் பிரித்து, அவற்றை நிதி அறிக்கை அளிப்பதிலிருந்து விலக்கியது. கனடா அப்படிச் சமயத்திற்கென்று கதவு எதையும் திறந்து வைக்கவில்லை.

ஆனால் அந்த அறிக்கையோடு செல்லும் கணக்கு வெளியாளரால் தணிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று வருமானவரிச் சட்டம் சொல்லவும் இல்லை. ஆண்டு வருவாய் 250,000 டொலருக்கு மேற்பட்டால் தணிக்கை செய்த அறிக்கையை அனுப்புவது விரும்பத்தக்கது என்று வருவாய் முகமை பரிந்துரைக்கிறது, பரிந்துரை கட்டளையாகாது. கூட்டாட்சியின் இலாபநோக்கற்ற நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவாகிப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் அமைப்புக்கு மட்டும் அதே 250,000 டொலர் என்ற எல்லைக்கு மேல் தணிக்கை கட்டாயம். கியூபெக் மாகாணச் சட்டங்களின் கீழ் அமைந்தவற்றை அந்த விதி தொடுவதில்லை. ஆக, ஒரே தெருவில் ஒரே அளவு உண்டியல் வருமானத்தோடு இருக்கும் இரண்டு கோயில்களில், எந்த அரசிடம் பதிவுசெய்தது என்ற ஒரு காரணத்தாலேயே ஒன்று தணிக்கைக்குக் கட்டுப்பட்டதாகவும் மற்றொன்று கட்டுப்படாததாகவும் இருக்கலாம். இதற்கு நியாயமான விளக்கம் எதுவும் கிடையாது.

வரி அதிகாரியின் தணிக்கையோ மிக அரிது. கனடாவில் ஏறத்தாழ 86,000 பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் இருக்க, ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் தணிக்கை நடக்கிறது என்று வருவாய் முகமையே கூறிவந்துள்ளது. எனவே ஒரு கோயில் தன் வாழ்நாளில் யாருடைய தணிக்கையையும் காணாமலே இருந்துவிடக்கூடும். கேள்வியின் உண்மையான உருவம் இதுதான்: அரிதாகவும் சந்தேகத்தின் பேரிலும் வரும் அரசுத் தணிக்கையை மட்டும் நம்பியிருப்பதா, எல்லாருக்கும் ஒரே முறையாக ஆண்டுதோறும் நடக்கும் வெளிக்கணக்காளர் தணிக்கையைக் கட்டாயமாக்குவதா?

இதற்கு விடை, வரிவிலக்கு என்பது என்ன என்று ஒருவர் கொள்ளும் கருத்தைப் பொறுத்தது. அரசின் அதிகாரம் கருவறை வாசலோடு நின்றுவிடுகிறது, வரிவிலக்கு என்பது அந்த எல்லைக்கோட்டை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் என்பது ஒரு கொள்கை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் வால்ஸ் வழக்கில் தேவாலயங்களின் சொத்துவரி விலக்கை ஆதரித்தபோது இந்தக் கொள்கைக்கு அருகில்தான் நின்றது: வரி விதித்தால் மதிப்பீடு, பற்று, பறிமுதல் என்று அரசு சமயத்தோடு மேலும் மேலும் சிக்கிக்கொள்ளும், விலக்கு அளித்தால் இரண்டும் தத்தம் வழியில் விலகி நிற்கும் என்பது அதன் வாதத்தின் சாரம். இதை ஏற்போருக்கு, வரியின் பெயரால் வராத அரசு தணிக்கையின் பெயரால் வருவது, முன்கதவை அடைத்துப் பின்கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

மற்றக் கொள்கையின்படி, வரிவிலக்கு என்பது பொதுமக்கள் பணத்தை மறைமுகமாகக் கொடுக்கும் மானியம். 1891இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை பெம்சல் வழக்கில் வறுமை ஒழிப்பு, கல்வி, சமய வளர்ச்சி, சமூக நலன் என்று தொண்டின் நால்வகையை வகுத்தது. கனடா இன்றும் பின்பற்றும் அந்தப் பகுப்பில் சமயம் இடம்பெறுவது, அது ஊருக்கு நன்மை தரும் என்ற எண்ணத்தால்தான், அது அரசுக்கு அப்பாற்பட்டது என்பதால் அன்று. இந்த இரண்டாம் கொள்கைக்குக் கியூபெக்கில் கண்கூடான சான்று நன்கொடைப் பற்றுச்சீட்டு. ஆண்டில் 200 டொலருக்கு மேற்படும் நன்கொடையில் ஏறக்குறைய பாதி, கூட்டாட்சி, மாகாணம் இரண்டின் வரிக்கழிவாகக் கொடுத்தவருக்குத் திரும்புகிறது. தேர்த்திருவிழா உபயத்திற்கு ஒருவர் ஆயிரங்களில் எழுதிக்கொடுக்கும்போது, அதில் பெரும் பங்கு அந்தக் கோயிலை ஒருமுறையும் பார்த்திராத, அந்தக் கடவுளை நம்பாத அயலவரின் தோளிலும் இறங்குகிறது. அந்த அயலவர் தரிசனம் கேட்கவில்லை. பணம் சொன்ன காரியத்துக்குப் போனதா என்று அறிய அவருக்கு உரிமை இல்லை என்று வாதிடுவதும் எளிதன்று. 2024 டிசம்பரில் கனடா நாடாளுமன்றத்தின் நிதிக்குழு, சமய வளர்ச்சி என்பதற்குத் தொண்டு வரையறையில் உள்ள சிறப்பிடத்தையே நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்ததை நினைக்கும்போது, சமய அமைப்புகள் இந்த அயலவரின் கேள்வியை அலட்சியம் செய்வது அறிவுடைமையாகவும் இல்லை.

நகராட்சி அளவில் இதே தர்க்கம் இன்னும் நுணுக்கமாகச் செல்கிறது. கியூபெக்கின் நகராட்சி வரிச் சட்டத்தின் 204ஆம் பிரிவு, சட்டப்படி அமைந்த சமய நிறுவனத்தின் பெயரில் இருந்து, வருமானம் ஈட்டும் நோக்கமின்றிச் சமயப் பணிக்கே நேராகப் பயன்படும் கட்டடத்தைச் சொத்துவரியிலிருந்து விலக்குகிறது. தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த கூடத்தில் இயங்கும் சிறு கோயிலுக்கு இந்த விலக்கின் பயன் நேரடியாக எட்டுவதில்லை. வாடகைக்குள் உரிமையாளரின் வரியும் சேர்ந்தே வரும். சொந்தக் கட்டடமும் மண்டபமும் உள்ள கோயிலிடம், அந்த மண்டபம் திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் வாடகைக்குப் போகும்போது அது சமயப் பணியா வருமானமா என்ற கேள்வி எழும். தணிக்கை இல்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு விடை, பொருளாளரின் நினைவாற்றலில்தான் இருக்கும்.

இவ்வளவும் அரசு நின்று பேசும் பேச்சு. சமயம் தன் உள்ளிருந்து இதற்கு என்ன சொல்கிறது என்பதே கனமான பகுதி.

சிவாலயத்தில் வழிபாட்டை முடித்துத் திரும்பும் அடியார், வடக்குப் பக்கத்தில் இருக்கும் சண்டேசுவரர் முன் நின்று மெல்லக் கைதட்டியோ உள்ளங்கைகளைத் துடைத்துக் காட்டியோ போவது வழக்கம். சிவன் சொத்தில் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று கணக்கு ஒப்புவிப்பதாகவே அந்தச் செயலுக்குப் பொருள் சொல்லப்பட்டு வருகிறது. பூசைக்கு இடையூறு செய்த தந்தையின் காலையே வெட்டியவர் என்று பெரியபுராணம் பேசும் அந்தச் சண்டேசுவரர், கல்வெட்டுகளில் ஆதிசண்டேசுவரராகக் கோயிலின் சட்டப் பிரதிநிதி ஆகிறார்: நிலம் வாங்குவதும் விற்பதும் அவர் பெயரால் நடந்தன. உறவு என்பதற்காக விட்டுக்கொடுக்காதவரைச் சொத்துக் காவலராக வைத்த சமயத்தில், வழிபட வந்தவரே வெறுங்கை காட்டிவிட்டுப் போக வேண்டியிருக்க, உண்டியல் திறப்பவர் மட்டும் காட்டத் தேவையில்லை என்ற வாதம் எந்த ஆகமத்தில் நிற்கும்? ‘சிவன் சொத்து குலநாசம்’ என்ற பழமொழி யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் ஒரே அச்சத்தோடு சொல்லப்படுகிறது. ஆனால் அந்த அச்சம் ஒன்றையே காவலாகக் கருதி நம் முன்னோர் இருந்துவிடவில்லை.

சோழர் காலக் கோயில்களுக்கும் பிரமதேயங்களுக்கும் விடப்பட்ட நிலங்கள் பல இறையிலி, அதாவது அரசுக்குரிய இறை நீக்கப்பட்டவை. இறை நீங்கியது, கணக்கு நீங்கவில்லை. பிராமணர்க்கு விடப்பட்ட ஊரான உத்திரமேரூரின் சபை, முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகளில் குடவோலைத் தேர்தலுக்கு வகுத்த விதிகளின்படி, வாரியம் என்னும் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அந்தத் தடை உண்டு. இன்றைய எந்தத் தொண்டு நிறுவனச் சட்டமும் இவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் வேறொரு காட்சி உண்டு: வழிபட வந்த, சோழ அரச குலத்தவரான மதுராந்தகன் கண்டராதித்தன், இறைவனுக்குப் படைக்கும் அமுது குறைந்திருப்பதைக் கண்டு, கோயிலுக்குரிய வருவாய் எங்கே போகிறது என்று சபையாரையும் சிவப்பிராமணரையும் கணக்குக் கேட்டார். தணிக்கை தொடங்கியது வரியிலிருந்து அன்று, நைவேத்தியத்திலிருந்து. அரசு தன் பங்கைக் கேட்கவில்லை. இறைவனுக்குரிய பங்கு இறைவனைச் சேர்ந்ததா என்றுதான் கேட்டது. தணிக்கைக்கு இதைவிடச் சமயத் தன்மையுள்ள நியாயம் கிடைப்பது அரிது.

விவிலியம் இந்தப் பிரச்சினையின் இரு பக்கத்தையும் ஒரே அதிகாரத்தில் காட்டுகிறது. இரண்டாம் இராஜாக்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தைக் கையாண்டவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்துகொண்டார்கள் என்று வருகிறது. தணிக்கை வேண்டாம் என்போருக்கு இது வலிய சான்றாகத் தோன்றும். ஆனால் அதே அதிகாரத்தின் முற்பகுதியில், யோவாஸ் அரசனின் 23ஆம் ஆண்டு வரை ஆசாரியர் பணத்தைப் பெற்றும் பழுது பார்க்காமல் இருந்ததும், அதன் பிறகே மூடியில் துளையிட்ட பெட்டி வைக்கப்பட்டு, அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணி முடிந்து கொடுத்ததும் சொல்லப்படுகின்றன. பணத்தைக் கையாண்டவர்களை நம்ப முடிந்தது, பெட்டியை இரண்டு பேர் எண்ணியதால். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற போதனையும் கொடுப்பவரின் தற்பெருமையை அடக்கச் சொன்னதே தவிர, வாங்குபவரின் ஏட்டை மூடி வைக்கச் சொன்னதன்று. கியூபெக்கின் கத்தோலிக்கப் பங்குகளில் இது சட்டமாகவும் இருக்கிறது: பங்கின் சொத்தை நடத்தும் அவையான ஃபாப்ரிக், 1965ஆம் ஆண்டின் ஃபாப்ரிக் சட்டப்படி, வரவுசெலவுத் திட்டத்தையும் ஆண்டுக் கணக்கையும் ஆயரிடம் சமர்ப்பிக்க வேண்டும்.

தணிக்கையை எதிர்ப்போரின் வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு. அது செலவைப் பற்றியதோ சோம்பலைப் பற்றியதோ அன்று. அரசுத் தணிக்கை யாரை நோக்கித் திரும்புகிறது என்பதே அது. 2012இல் கனடாவின் கூட்டாட்சி அரசு தொண்டு நிறுவனங்களின் அரசியல் செயற்பாடுகளைத் தணிக்கை செய்யச் சிறப்பு நிதி ஒதுக்கியது. அந்த நடவடிக்கை அரசை விமர்சித்தோரையே குறிவைத்தது என்ற குற்றச்சாட்டு எழுந்து, பின்னர் நிறுத்திவைக்கப்பட்டது. வறுமையற்ற கனடா என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் ஒன்ராறியோ நீதிமன்றம் 2018இல் தொண்டு நிறுவனங்களின் அரசியல் செயற்பாடுகள்மீது சட்டம் விதித்த கட்டுப்பாடுகள் கருத்துச் சுதந்திரத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. முஸ்லிம் அமைப்புகளின் அனுபவம் இன்னும் கசப்பானது. பயங்கரவாத நிதியைத் தடுப்பதற்கென வருவாய் முகமைக்குள் இயங்கும் பிரிவின் தணிக்கைகளைத் தொடர்ந்து 2008 முதல் 2015 வரை பதிவிழந்த நிறுவனங்களில் முக்கால்வாசி முஸ்லிம் அமைப்புகள் என்று குடிமை உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று 2021இல் அறிக்கை வெளியிட்டது. கனடா முஸ்லிம் சங்கம் 2022இல் தன்மீதான தணிக்கைக்கு எதிராக உரிமைச் சாசனத்தின் கீழ் வழக்குத் தொடுக்க, 2023இல் நீதிமன்றம் உரிய காலத்துக்கு முன் வந்த வழக்கு என்று அதைத் தள்ளிவிட்டது. போர்க்காலத்தில் தாயகத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு டொலருக்கும் சந்தேகப் பார்வையைச் சந்தித்த ஈழத்தமிழருக்கு இந்த மனக்குறை அந்நியமானதன்று.

ஆயினும் இந்த வாதம் தணிக்கைக்கு எதிராகப் போகவில்லை. தேர்ந்தெடுத்துச் செய்யும் தணிக்கைக்கு எதிராகவே போகிறது. எல்லாரும் ஆண்டுதோறும் வெளிக்கணக்காளரின் ஆய்வுக்கு உட்படும் இடத்தில், ஒருவர் தணிக்கை செய்யப்படுவது குற்றத்தின் நிழலாக இராது. சந்தேகத்தின் பேரில் மட்டும் கணக்குக் கேட்கும் முறையில்தான், கணக்குக் கேட்பதே தண்டனையாகிவிடுகிறது. சிறுபான்மைச் சமயங்கள் அந்தத் தண்டனைக்கு முதலில் ஆளாகின்றன. கட்டாயம் என்பது இங்கே சுமையைவிடக் கேடயமாகவே அதிகம் பயன்படும்: ஐந்தாண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கையில் வைத்திருக்கும் கோயில், வரி அதிகாரி வாசலுக்கு வரும்போது பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பெட்டிகளில் தேட வேண்டியதில்லை.

இந்தியா இந்த வழியில் நெடுந்தூரம் போயிருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 12ஏ பிரிவு, விலக்கைக் கணக்கிடுவதற்கு முன்னான வருமானம் வரி வரம்பைத் தாண்டிய அறக்கட்டளைகளுக்குத் தணிக்கையை விலக்கின் நிபந்தனையாகவே வைத்தது; வரி கட்ட வேண்டாம் என்பதால் தணிக்கை வேண்டாம் என்பதில்லை, தணிக்கை செய்ததால்தான் வரி கட்ட வேண்டாம் என்பது அதன் தர்க்கம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலோடு தொடர்புடைய, 1965இல் முன்னாள் அரசர் நிறுவிய அறக்கட்டளை, 25 ஆண்டுக் கணக்கின் தணிக்கையிலிருந்து தன்னை விலக்குமாறு கேட்டபோது, இந்திய உச்ச நீதிமன்றம் 2021 செப்டெம்பர் 22 அன்று மறுத்து, மூன்று மாதங்களுக்குள் தணிக்கையை முடிக்கச் சொன்னது. தமிழ்நாட்டிலோ 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் கோயில் கணக்குகளுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கியிருக்க, அந்தச் செலவுக்குக் கோயிலின் வருமானத்திலிருந்தே ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது. கோயிலை நிருவகிப்பதும் தணிக்கைக்கு ஏற்பாடு செய்வதும் ஒரே அரசாக இருப்பது பற்றி அங்கே நீண்டகாலமாக இருக்கும் முறைப்பாடு புறக்கணிக்கத்தக்கதன்று. கட்டாயம் மட்டும் போதாது. தணிக்கையாளர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதும் முக்கியம்.

தணிக்கை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் யாரும் நம்பிவிட வேண்டாம். அதற்கும் லவாலே சாட்சி. கியூபெக் சட்டப்படி 100,000 மக்களுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு 2000களின் தொடக்கத்திலிருந்தே தலைமைத் தணிக்கையாளர் கட்டாயம். அப்படிப்பட்ட தணிக்கைக் கண்களுக்கு நடுவில்தான், 1989 முதல் 2012 வரை நகரபிதாவாக இருந்த ஜில் வயாங்கூர் பொது ஒப்பந்தங்களில் நடந்த மோசடிக்குத் தலைமை தாங்கினார். 2013இல் கைதாகி, 2016 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார். அந்த வலையை அறுத்தது ஆண்டுத் தணிக்கையன்று, காவல் துறையின் ஊழல் ஒழிப்புப் பிரிவின் விசாரணை. ஏட்டில் பதியப்படும் ஒப்பந்தத் தொகை சரியாகவே கூட்டப்பட்டிருக்கலாம். அந்தத் தொகை எப்படி முடிவானது என்பதை ஏடு சொல்லாது. கோயிலிலும் அப்படியே: உண்டியலுக்குள் விழுந்த பிறகுள்ள பணத்தைத் தணிக்கை காணும், ஐயர் தட்டில் விழுந்ததையும், கட்டடக் குத்தகை உறவினருக்குப் போனதையும் அது அவ்வளவு எளிதில் காணாது.

ஆனாலும் குறைபாடுள்ள காவலைக் காரணம் காட்டிக் காவலே வேண்டாம் என்று சொல்வோர், அதற்குப் பதிலாக எதை வைக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஈழத்தில் அதற்குப் பதிலாக இருந்தது நீதிமன்றம். பௌத்த விகாரைகளின் கணக்குகளுக்கு 1931ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தபோதும், சைவக் கோயில்களுக்கு அதற்கிணையான சட்டம் நிறைவேறவில்லை. 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவின் கீழ், கோயிலில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து வழக்குத் தொடுக்கலாம் என்பதே எஞ்சிய வழி. தலைமுறை கடந்து நடந்த கோயில் வழக்குகளை அறிந்த எவரும், ஆண்டுதோறும் ஒருவர் கணக்கைப் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால் இவற்றுள் எத்தனை எழாமலே போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. புலம்பெயர்ந்தோர் அந்தப் பூசல் பழக்கத்தையும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டனர் என்பது மறைக்க வேண்டிய உண்மையன்று. ஒரு கோயில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கோயில்களாவதற்குப் பக்தி மட்டுமே காரணமாக இருந்ததில்லை.

எல்லை எங்கே வைப்பது என்பது ஒரு நடைமுறைக் கேள்விதான். ஆண்டுக்கு 40,000 டொலர் வருமானமுள்ள சிறு வழிபாட்டுக் கூடத்தின்மீது முழுத் தணிக்கைக்குரிய ஆயிரக்கணக்கான டொலர் செலவைச் சுமத்துவது நேர்மையன்று. அதற்கு, கூட்டாட்சிச் சட்டம் சிறு அமைப்புகளுக்கு அனுமதிப்பதுபோல், கணக்காளர் ஒருவரின் மேலாய்வு போதும். 250,000 டொலருக்கு மேற்பட்ட வருவாயுள்ள ஒவ்வொரு வரிவிலக்கு அமைப்புக்கும், அது கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ ஊர்ச் சங்கமோ, கூட்டாட்சிப் பதிவோ மாகாணப் பதிவோ எதுவாயினும், வெளிக்கணக்காளர் தணிக்கையைக் கட்டாயமாக்குவதே நீதி. அந்தத் தணிக்கை எண்களோடு நிற்க வேண்டும். பூசை எத்தனை, பிரசங்கத்தில் என்ன பேசப்பட்டது என்பவை அதன் வேலையல்ல. தணிக்கையாளரைப் பரிபாலன சபை அன்று, உறுப்பினரின் பொதுச்சபை தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. எந்தப் பதிவுபெற்ற கோயிலின் டி3010 அறிக்கையும் வருவாய் முகமையிடம் எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம்; அதனோடு அனுப்பப்பட்ட நிதி அறிக்கைகளையும் கேட்டுப் பெறலாம். லவாலிலும் மொன்றியலிலும் உள்ள ஆலய உறுப்பினர் அடுத்த பொதுச்சபைக் கூட்டத்துக்குப் போகும் முன் அதை ஒருமுறை வாங்கிப் படித்து, வெளித்தணிக்கையாளரை நியமிக்கும் தீர்மானத்தை எழுத்தில் முன்மொழிய வேண்டும்.